நாலாவது ஒயர்

ஜனவரி 7

கீழ்வீட்டுக்கு ஆள் குடிவந்தாச்சு. வந்த முதல் நாளே என் காதைப் புண்ணாக்கியாச்சு.

காலை ஏழரைக்கு வழக்கம்போல ரேடியோ முன்னால உட்கார்ந்து ஹெட்போனை மாட்டினா, டிக் டிக் டிக் டிக்னு ஒரே சத்தம். செட்டுதான் போச்சுன்னு நினைச்சேன். ஆன்டெனாவைக் கழட்டினேன், சத்தம் நின்னுது. மாட்டினேன், மறுபடி வந்துது. அப்போ வியாதி என் வீட்ல இல்லை, வெளியில. ஜன்னல்ல எட்டிப் பார்த்தா, கீழ்வீட்டு வாசல்ல ஒரு பழைய ஆம்னி வேன் புகை விட்டுக்கிட்டு நிக்குது. ஒரு பொம்பளை அதுல இட்லிப் பாத்திரம் ஏத்திக்கிட்டிருக்கா. ஏறி உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதிச்சாள். என் காதுக்குள்ள டிக்டிக் எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து சர்ர்ருன்னு ஏறுச்சு. புரிஞ்சுபோச்சு. எஞ்சின் பிளக்ல பொறி வெடிக்கிறபோதெல்லாம் அதுக்குப் போற ஒயர் ஒரு குட்டி ரேடியோ நிலையமா மாறி, நேரா என் ஆன்டெனாவுக்குள்ள இறங்குது.

ஞானமுத்து குரல் கேக்கவே இல்லை. மலேசியாவுல, தைப்பிங்ல இருந்து கடல் தாண்டி வர்ற குரல். நல்ல நாள்லயே மெல்லிசாத்தான் வரும். நான் மட்டும் கத்தினேன்: "கேக்கலை. இங்க சத்தம். நாளைக்குப் பார்ப்போம்."

நேத்துப் பேசினப்போ அவர் நாக்கு கொஞ்சம் குழறுச்சு. பல்செட்டு மாத்தியிருப்பார். கேக்க விட்டுப்போச்சு.

ஜனவரி 8

சண்டைக்குப் போனேன். "ஏம்மா, வண்டியை ஆஃப் பண்ணிட்டுப் பாத்திரம் ஏத்தக் கூடாதா?"

"ஆஃப் பண்ணா அப்புறம் ஸ்டார்ட் ஆகாதுக்கா. பேட்டரி இழுத்துக்கிட்டிருக்கு. இந்தக் குளிர்ல ஒரு தடவை பிடிக்கிறதே பெரிசு. ஒத்தை ஆளா நான் தள்ளவா, ஓட்டவா?"

பேர் ரோஸ்லின். நாப்பதைத் தாண்டியிருப்பாள். ஸ்கூல் ஹாஸ்டலுக்குக் காலை டிபன் போடுறாள், ஞாயிறு கூட லீவு கிடையாது. கூட யாரும் இல்லை. புருஷனைப் பத்திக் கேட்டேன், "இருக்காரு எங்கயாவது"ன்னு சட்னிக்கு மூடி போட்டாள். நான் மேல பேசறதுக்குள்ள ஒரு தட்டுல நாலு இட்லியை வெச்சு நீட்டிட்டாள். சண்டைக்குப் போன இடத்துல இட்லி வாங்கிட்டுத் திரும்பின ஆள் நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

பேட்டரியை மாத்துன்னு சொல்லியிருக்கலாம். ஏனோ சொல்லலை.

ஜனவரி 11

டிக் டிக். சத்தத்துக்கு அடியில ஏதோ முனகல் மாதிரி கேட்டுது. அவர்தான். வேற யாரு இருக்கப் போறாங்க.

ஜனவரி 15

ரோஸ்லின் பொங்கல் கொண்டுவந்தாள். நேரா ரேடியோ இருக்கிற ரூமுக்குள்ளயே வந்துட்டாள். அந்த ரூமுக்குள்ள நான் யாரையும் விடுறதில்லை. என்னமோ இவளை விரட்டத் தோணலை.

"இதுல யார்கூடக்கா பேசுவீங்க?"

சொன்னேன். சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேலை பார்த்தப்போ பரீட்சை எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கினது, ரிடையர் ஆனதும் மலை மேல ஏறினா குரல் இன்னும் தூரம் போகும்னு ஏற்காட்டுக்கு வந்தது, தைப்பிங் ஞானமுத்துவோட பத்தொன்பது வருஷமா தினம் காலைல கால் மணி நேரம் பேசறது, எல்லாம். அவர் ரயில்வேயில சிக்னல் பார்த்தவர். பெண்சாதி போய் ரொம்ப நாளாச்சு. "இங்க மழை லா"ன்னுதான் ஆரம்பிப்பார், மலேசியாக்காரங்க பேச்சுல அந்த "லா" ஒட்டிக்கிட்டே வரும். அந்த ஊர்ல மழை பெய்யாத நாளே கிடையாதாம்.

"நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"இல்லை."

"போட்டோ?"

"இல்லை."

"போன் நம்பர் இருக்கும்ல, ஒரு போனைப் போட்டு ஏன் வரலைன்னு கேட்டுட்டா ஆச்சு."

போன் நம்பர் வாங்கினதே இல்லைன்னேன். அது எங்க வீம்பு. காத்துல கிடைச்ச ஆளை காத்துலதான் பார்க்கணும்னு ஆரம்பத்துலயே பேசி வெச்சுக்கிட்டோம். போன்ல பேசறதுக்கு உலகத்துல ஆயிரம் பேர் இருக்காங்க. வாழ்க்கை முழுக்க நான் மத்தவங்க பேசறதுக்குத்தான் லைன் போட்டுக் கொடுத்தேன், எனக்குன்னு ஒரு லைன் இது ஒண்ணுதான்.

"அட்ரஸாவது?"

அட்ரஸ் இருக்கு. முதல்ல பேசினப்போ, பேசினதுக்கு அத்தாட்சியா தபால்ல அட்டை அனுப்பிக்கிட்டோம். ஆனா கடிதம் போட்டா வேற யாராவது பதில் போடுவாங்களே. இதை ரோஸ்லின்கிட்ட சொல்லலை.

"உன் வண்டிச் சத்தம்தான் காரணம். அதை நான் சரி பண்றேன்"ன்னேன்.

"பண்ணுங்கக்கா. என் வண்டியால உங்க சிநேகிதம் கெட வேணாம்."

ஜனவரி 18

ஆம்னிக்கு எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில. சீட்டைத் தூக்கினா மூணு பிளக்கும் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. முதல்ல ரெசிஸ்டர் வெச்ச பிளக்கா மாத்தினேன். பொறியோட துள்ளலை அது கொஞ்சம் அடக்கும்.

சத்தம் பாதியாச்சு. முனகல் இன்னும் கொஞ்சம் மேல வந்த மாதிரி இருக்கு. "சௌந்தரம்"னு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரா, இல்லை எனக்கு அப்படித் தோணுதா? ரோஸ்லின்கிட்ட ஹெட்போனைக் கொடுத்தேன். கண்ணை மூடிக் கேட்டுட்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கலயேக்கா"ன்னாள். பழக்கம் இல்லாத காது.

முன்ரூமுக்கு இரண்டாவது தடவை பெயிண்ட் அடிச்சு முடிச்சாங்க. சுவர்ல ஈரம் ஏறுது, அதான்.

ஜனவரி 22

மொத்தம் நாலு ஒயர். மின்சாரத்தைப் பங்கு பிரிக்கிற டிஸ்ட்ரிபியூட்டர்ல இருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் ஒண்ணு, ஆக மூணு. நாலாவது, மின்சாரத்தை ஏத்திக் கொடுக்கிற காயில்ல இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வர்றது. மூணு பிளக்குக்கும் போற மின்சாரம் அது வழியாத்தான் வந்தாகணும். சத்தத்துக்கெல்லாம் பெரியப்பன் அது.

வைத்தியம் ரொம்பப் பழசு. ஆன்டெனா கேபிளோட மேல்தோலை உரிச்சா உள்ளே செம்புக் கம்பியில பின்னின வலை இருக்கும். அதை ரெண்டு பக்கமும் பிடிச்சு நெருக்கினா வாய் அகலும். பிளக் ஒயரை அதுக்குள்ள விட்டு இழுத்துவிட்டா சட்டைக் கை மாதிரி ஏறிக்கும். ரெண்டு முனையையும் எஞ்சின் இரும்போட சேர்த்து எர்த் பண்ணிட்டா, ஒயர் போடற கூச்சல் வலையைத் தாண்டி வெளிய வராது.

ராத்திரி சாப்பாடு ரோஸ்லின் வீட்ல. புளிக்குழம்பு. உப்பு ஜாஸ்தி, சொல்லலை.

ஜனவரி 25

என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்.

நேத்து மூணு பிளக் ஒயருக்கும் வலை போட்டேன். அழகா இருக்கணும்னு பிளக்கோட வாய் வரைக்கும் இழுத்துவிட்டேன். கொஞ்சம் இடைவெளி விடணும்னு நேத்துப் பிறந்த கத்துக்குட்டிக்குக் கூடத் தெரியும். பனி ஈரத்துல பொறி பிளக்குக்குப் போகாம வலைக்குத் தாவிடுச்சு. வண்டி கொண்டை ஊசி வளைவுல இருமி இருமி நின்னேபோச்சு. ஹாஸ்டல் பிள்ளைங்க பன் சாப்பிட்டாங்களாம். இன்னொரு தடவை இப்படி ஆனா வேற ஆள் பார்த்துக்குறேன்னு வார்டன் சொல்லிட்டாராம்.

ரோஸ்லின் நடந்தே திரும்பி வந்து என் வாசல்ல நின்னாள். "அக்கா, உங்களுக்குப் பேச ஒருத்தர் வேணும், சரி. எனக்குச் சோறு வேணும்ல?"

இப்படி ஒருத்தர் என்னைத் திட்டி எத்தனை வருஷமாச்சு. அழுகை வந்துது. காட்டிக்கலை.

ஜனவரி 26

வண்டி இன்னும் வளைவுலயே நிக்குது. வாடகை ஆட்டோவுல இட்லி போச்சு. மத்தியானம் போய் வலையைப் பின்னால இழுத்து, வெட்டி, இடைவெளி விட்டுக் கட்டினேன். மூணு ஒயரும் இப்போ ஒழுங்கா இருக்கு. நாலு பேர் தள்ள, வண்டி கிளம்புச்சு. ரோஸ்லின் முறைச்சுக்கிட்டேதான் ஓட்டினாள். ஆனா வீட்டு வாசல்ல இறங்கும்போது, "நாளைக்கு உங்களுக்கும் சேர்த்து ஊத்தறேன், இட்லிக்கு வந்துடுங்க"ன்னாள்.

அப்புறம் ஒண்ணு கேட்டாள். "இன்னிக்குக் காலைல வண்டியே இங்க இல்லையேக்கா. சத்தமும் இருந்திருக்காது. பேசினீங்களா?"

"தண்ணி டேங்க் கழுவினேன்"ன்னேன்.

டேங்கைப் போன மாசம்தான் கழுவினது.

ஜனவரி 30

மூணு ஒயர் அடங்கியாச்சு. நாலாவது மட்டும் டிக் டிக்குன்னு ஒத்தையா அடிக்குது. அடியில முனகல். தினம் அதே நேரத்துக்கு வருது, நான் பேசி முடிச்சதும் வருது. அவர்தான், அவரேதான். ஆன்டெனா சாஞ்சிருக்கும், அங்கதான் ஓயாத மழையாச்சே. அதனாலதான் குரல் இவ்வளவு மெலிசு.

பிப்ரவரி 2

நாலாவது ஒயரை எப்போ போடப் போறீங்கன்னு ரோஸ்லின் கேட்டாள். கேபிள் தீர்ந்துபோச்சு, சேலத்துல இருந்து வரணும்னேன்.

பிப்ரவரி 5

ஆன்டெனா சாஞ்சிருந்தா அவருக்கும் நான் பேசறது கேக்காது, எனக்கும் அவர் பேசறது கேக்காது. அப்புறம் என்ன, எதை வேணும்னாலும் சொல்லலாம். இன்னிக்கு மைக்கைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன்:

"ஞானமுத்து, தைப்பூசம் முடிஞ்சதும் டிக்கெட் போட்டு ஏற்காட்டுக்கு வரேன்னு சொன்னீங்களே. வரதுன்னா வாங்க, எனக்கென்னன்னு சொன்னேன். முன்ரூமுக்கு ஈரம் ஏறுதுன்னு பெயிண்ட் அடிக்கலை. நீங்க வந்து தங்குவீங்கன்னுதான் அடிச்சேன். நீங்க வரணும். எனக்காக வரணும். ஓவர்."

டிக் டிக் டிக். முனகல். கொஞ்சம் நீளமான முனகல்.

எழுந்து முகம் கழுவினேன். இந்த வயசுல என்ன பேச்சு இது. நல்லவேளை ஒருத்தருக்கும் கேக்கலை.

பிப்ரவரி 8

குளிர். உடைச்ச தேங்காய் அழுகல். மைக்ல அதைத்தான் சொன்னேன். "இன்னிக்கு விசேஷம் ஒண்ணும் இல்லை, தேங்காய் அழுகல், நாளைக்குப் பேசறேன்"ன்னு சொல்லிட்டு, பதிலுக்குக் கூட நிக்காம செட்டை அணைச்சுட்டேன். சலிப்பா இருந்துது.

பிப்ரவரி 9

ரோஸ்லினோட பூனை என் கட்டிலுக்கு அடியில பூந்துடுச்சு. அதைப் பிடிக்கக் குனிஞ்சவள், உருண்டையா சுத்தி வெச்சிருந்த கேபிளை இழுத்து வெளிய போட்டாள்.

"தீர்ந்துபோச்சுன்னீங்க. பத்து வண்டிக்குப் போடலாம் போலிருக்கே?"

"அது வேற கேபிள்."

"அக்கா." பூனையை மடியில வெச்சுக்கிட்டுத் தரையிலயே உட்கார்ந்தாள். "சத்தம் முழுசா நின்னும் அவரு பேசலைன்னா என்ன பண்றதுன்னு பயமா?"

"வெளியே போடி"ன்னேன். பூனையையும் தூக்கிட்டுப் போயிட்டாள். கதவைச் சாத்தினேன். சாத்தின கதவுக்கு இந்தப் பக்கமே ரொம்ப நேரம் நின்னேன்.

பயம்தான். வேற என்ன. டிக் டிக் இருக்கிற வரைக்கும் அவர் அதுக்குப் பின்னால இருக்கார். அது நின்னுட்டா, பின்னால யார் இருக்காங்கன்னு நான் பார்த்தாகணும்.

பிப்ரவரி 11

இன்னிக்குத் தைப்பூசம். இது முடிஞ்சதும் டிக்கெட் போடறேன்னுதான் அவர் சொன்னது.

சாயங்காலம் கேபிளை எடுத்துக்கிட்டுக் கீழ இறங்கினேன். ரோஸ்லின் மாவு ஆட்டிக்கிட்டிருந்தாள். கையைத் துடைச்சுக்கிட்டு வந்து சீட்டைத் தூக்கிப் பிடிச்சாள். காயில் ஒயரைக் கழட்டி, வலைக்குள்ள விட்டு, முனையில இடைவெளி விட்டு, ரெண்டு பக்கமும் எர்த் பண்ணினேன். ஸ்க்ரூ ரெண்டு தடவை கீழ விழுந்துது. ரெண்டு தடவையும் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

"காலைல நான் மேல வரட்டாக்கா?"

"வேணாம். நீ வழக்கம்போல பாத்திரம் ஏத்து. வண்டி ஓடட்டும். அப்போதான் தெரியும்."

பிப்ரவரி 12

எழுதணும். எழுதாம இருந்தா நடக்கலைன்னு நானே சொல்லிக்குவேன்.

ஏழரைக்கு ஹெட்போனை மாட்டினேன். ஜன்னல்ல பார்த்தேன், வேன் புகை விட்டுக்கிட்டு நிக்குது. காதுக்குள்ள டிக் ஒண்ணு கூட இல்லை. வானத்தோட லேசான இரைச்சல் மட்டும். இவ்வளவு சுத்தமா நான் கேட்டு மாசத்துக்கு மேல ஆச்சு. லைசென்ஸ்ல எனக்குக் கொடுத்த அழைப்புக்குறியைச் சொன்னேன், அவரோடதைச் சொன்னேன். "ஞானமுத்து, ஏற்காடு சௌந்தரம் கூப்பிடறேன். ஓவர்."

பதில் வந்துது. மெல்லிசா, ஆனா ஒவ்வொரு எழுத்தும் தெளிவா. அவர் குரல் இல்லை.

"அம்மா, தைப்பிங் குமரேசன் பேசறேன். கேக்குதாம்மா? ஓவர்."

"கேக்குது"ன்னேன். அந்தப் பக்கம் அந்தப் பையன் அழுதுட்டான். பையன்னு நானாச் சொல்றேன், குரல் அப்படி இருந்துது.

"தினம் பதில் சொல்றேன்ம்மா. தினம். நீங்க கூப்பிடறது எங்களுக்கு நல்லாக் கேட்டுச்சு. நான் பேசறதுதான் உங்களுக்குக் கேக்கலை. ஆஸ்பத்திரில ஐயா கட்டில்கிட்ட ஒரு சின்ன செட்டு வெச்சு, ஜன்னலுக்கு வெளிய ஒயர் விட்டிருந்தேன் லா. பவர் கம்மி. ஓவர்."

ஜனவரி ஏழாம் தேதி விடியறதுக்குள்ள ஞானமுத்துவுக்குப் பக்கவாதம். பாதி உடம்பு போச்சு, பேச்சு குழறிப்போச்சு. கொஞ்சம் கண் திறந்ததும் அவர் கேட்டது ரேடியோவைத்தான். குமரேசன் அவர்கிட்ட ரேடியோ கத்துக்கிட்டவன். தினம் காலைல வந்து ஹெட்போனை அவர் காதுல வெச்சிருக்கான். நான் திட்டினது, கத்தினது, இட்லிக் கதை, கொண்டை ஊசிக் கதை, எல்லாத்தையும் கேட்டிருக்கார். இட்லிக்குச் சிரிச்சாராம்.

"இப்போ எப்படி இருக்கார்? ஓவர்"ன்னேன். பதில் தெரிஞ்சே கேட்டேன்.

"சனிக்கிழமை மத்தியானம் போயிட்டார்ம்மா. காலைல நீங்க பேசினதைக் கேட்டுட்டுத்தான். ஓவர்."

சனிக்கிழமை. எட்டாம் தேதி. தேங்காய் அழுகல்.

ஐயோ, கேபிள் கட்டிலுக்கு அடியிலதானே கிடந்துது. போன மாசக் கடைசியிலயே அந்த நாலாவது ஒயரைப் போட்டிருந்தா, இந்தப் பையன் குரல் எனக்குக் கேட்டிருக்கும். அவர் கண் திறந்து இருந்தப்போவே கேட்டிருக்கும். நான் ஒரு வார்த்தை அவருக்குன்னு சொல்லியிருப்பேன், அவர் உளறலா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பார். பயந்து பயந்து அவர் இருந்த நாளையெல்லாம் நானே சத்தத்துக்குக் கொடுத்துட்டேன்.

குமரேசன் இன்னும் ஒண்ணு சொன்னான். "பெயிண்ட் அடிச்சேன்னு ஒரு நாள் சொன்னீங்களேம்மா. அன்னிக்கு ஐயா என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதோ சொல்ல ரொம்பப் பாடுபட்டார். எனக்குப் புரியறதுக்கே நேரமாச்சு. 'என்ன கலர், கேளு'ன்னார். நான் கேட்டேன். மூணு தடவை கேட்டேன். உங்களுக்குக் கேக்கலை. ஓவர்."

என்னால மைக்கை அமுக்க முடியலை. அலைவரிசை அப்படியே சுத்தமா, ஒரு சத்தமும் இல்லாமக் காத்துக்கிட்டிருந்துது. ரோஸ்லின் எப்போ மேல வந்தாள்னு தெரியாது. பின்னால நின்னு என் தோள்ல கையை வெச்சிருந்தாள். கையெல்லாம் இட்லி மாவு.

பிப்ரவரி 13

ஏழரைக்கு உட்கார்ந்தேன். என் அழைப்புக்குறியைச் சொன்னேன். அவரோடதைச் சொன்னேன்.

"மஞ்சள். ரொம்ப அடிக்கிற மஞ்சள் இல்லை, பருத்திப் பூ மாதிரி வெளிர் மஞ்சள். ஜன்னல் கதவு மட்டும் பச்சை. ஓவர்."

கொஞ்சம் பொறுத்து குமரேசன் குரல் வந்துது. "கேட்டுச்சும்மா. இங்க மழை லா."

செட்டை அணைச்சுட்டு ஜன்னலுக்கு வந்தேன். கீழ வேன் புகை விடலை. ரோஸ்லின் இட்லிப் பாத்திரத்து மேல கையை வெச்சுக்கிட்டு என் ஜன்னலையே பார்த்து நின்னுக்கிட்டிருந்தாள். நான் பேசற நேரத்துக்குன்னு வண்டியை ஆஃப் பண்ணியிருக்காள். நாலு ஒயருக்கும் வலை போட்டாச்சுடி, இனி எவ்வளவு ஓட்டினாலும் எனக்குக் கேக்காதுடின்னு கத்தினேன்.

"தெரியும்க்கா"ன்னாள்.

அப்புறம் அந்த வண்டி ஸ்டார்ட் ஆவேனான்னுது. சால்வையை இடுப்புல செருகிக்கிட்டு இறங்கிப் போனேன். அவள் ஒரு கையை ஸ்டியரிங்ல வெச்சுக்கிட்டு கதவோரமா நின்னு தள்ள, நான் பின்னால நின்னு தள்ளினேன்.